ஒரு முழு மதிப்பெண்ணும் ஒரு முட்டையும்



வழக்கமாக நான் இங்கே பிறந்தநாள் வாழ்த்தும் பழைய வகுப்புப் படங்களும்தான் போடுவேன். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். வேலையாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவில் படியுங்கள். படிக்காமலேயே "அருமை ஐயா" என்று போட்டுவிட்டுப் போக வேண்டாம். யார் படித்தார், யார் படிக்கவில்லை என்பதை விடைத்தாளின் முதல் வரியிலேயே கண்டுபிடித்தவன் நான்.

பொங்கலுக்கு முன்னால் என் தங்கை மகள் வீட்டில் ஒன்று நடந்தது. உறவுக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக, அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

வீடு சுத்தம் செய்யும் நாள். குளியலறைத் தரையில் உப்புத் தண்ணீர்க் கறை. கடையில் விற்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்திருக்கிறாள். முழுதாகப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் போட வாங்கி வைத்திருந்த பிளீச்சிங் பவுடர் கண்ணில் பட்டிருக்கிறது. ஆசிட் காய்வதற்குள் அதன் மேலேயே இரண்டு கை அள்ளித் தூவிவிட்டாள். குபுகுபுவென்று நுரைத்தது. சிறிய அறை, சன்னல் சாத்தியிருந்தது. கண்ணும் மூக்கும் தொண்டையும் எரிந்து, மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருமல் சத்தம் கேட்டு மாப்பிள்ளை ஓடிவந்து வெளியே இழுத்துப் போட்டார். ஓர் இரவு முழுக்க ஆக்ஸிஜன் வைத்தார்கள். கடவுள் புண்ணியத்தில் இப்போது நன்றாக இருக்கிறாள்.

மறுநாள் பார்க்கப் போனேன். "ஏம்மா, அந்த ரெண்டையும் ஒண்ணாச் சேர்க்கலாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டுமே சுத்தம் பண்றதுதானே மாமா. சேர்த்தா இன்னும் நல்லாப் போகும்னு நெனச்சேன். சும்மா கலக்கறதுதானே?" என்றாள்.

அந்தக் "கலக்கறதுதானே" என்ற சொல்லில்தான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவள் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இயற்பியல் மாற்றம், வேதியியல் மாற்றம் இரண்டையும் வேறுபடுத்துக என்றால் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கியவள்.

வீட்டுக்கு வந்தால் ஆறாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி ஊஞ்சலில் உட்கார்ந்து சத்தமாக மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறாள். "இயற்பியல் மாற்றம் தற்காலிகமானது, மீளக்கூடியது. வேதியியல் மாற்றம் நிரந்தரமானது, மீளாதது." யாரோ கொடுத்த நோட்ஸ். ஏறக்குறைய நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே அட்டவணை. முப்பது வருடம் கழித்து என் வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

1996 அரையாண்டுத் தேர்வு. வகுப்பில் மயில்துத்தப் படிகத்தைச் சோதனைக் குழாயில் போட்டுச் சாராய விளக்கில் சூடாக்கிக் காட்டியிருந்தேன். நீலப் படிகம் வெளுத்து வெள்ளைத் தூளானது. குழாயின் வாய்ப் பக்கம் நீர்த்துளிகள் படிந்தன. எல்லோரும் "ஆ" என்று பார்த்தார்கள். மணி அடித்ததும் அந்தத் தூளை ஒரு காகிதத்தில் கொட்டி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டேன். நம் பள்ளி கடலோரப் பள்ளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணக்கட்டிகூட மழைக்காலத்தில் நமத்துப் போகும்.

தேர்வில் ஒரு கேள்வி: "மயில்துத்தத்தை வெப்பப்படுத்துவது எவ்வகை மாற்றம்? காரணம் தருக." இரண்டு மதிப்பெண்.

என் தங்கை மகள் எழுதினாள்: "வேதியியல் மாற்றம். நிறம் மாறுகிறது. மீண்டும் பழைய நிலைக்கு வராது." இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

அந்தப் பையன் எழுதியது ஏறத்தாழ இதுதான்: "நிறம் மாறுவதால் வேதியியல் மாற்றம். ஆனால் மேசைமேல் இருந்த வெள்ளைத் தூள் மறுநாள் ஓரத்தில் நீலமாக இருந்தது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், முழுவதும் நீலமாகிவிட்டது. திரும்பி வருவதால் இயற்பியல் மாற்றம். இரண்டும் எப்படிச் சரியாகும்?"

அவனுக்கு முட்டை போட்டேன். பக்கத்தில் சிவப்பு மையில், "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது" என்று எழுதினேன். விடைத்தாள் கொடுத்த அன்று மேசை அருகே வந்து நின்றான். "சார், நான் பார்த்தேன் சார்" என்றான். "பாடத்தை ஒழுங்காப் படிச்சிட்டு வா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இப்போது அந்த இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழு மதிப்பெண் வாங்கிய விடையில் சொன்ன காரணம் பொய். மயில்துத்தம் பழைய நிலைக்கு வரும். முட்டை வாங்கியவன் எழுதியது கண்ணால் கண்ட உண்மை. தவறு அவனிடம் இல்லை, நான் கொடுத்த அட்டவணையில் இருந்தது. அவன் அதை மிகச் சரியாக இரண்டாகக் கிழித்துக் காட்டினான். எனக்குத்தான் அது தெரியவில்லை.

அதனால் இன்று என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். "மீளுமா, மீளாதா" என்பதை வைத்து இந்தப் பாடத்தை நடத்துவதை நாம் விட்டுவிட வேண்டும். அது எளிமையான விளக்கம் அல்ல, தவறான விளக்கம். வீட்டிலும் தெருவிலும் ஆளைக் காயப்படுத்தக்கூடிய தவறு.

முதலில் "மீளும்" என்ற சோதனையைப் பார்ப்போம். காகிதத்தைக் கிழித்தால் மீளுமா? கண்ணாடி டம்ளர் கீழே விழுந்து உடைந்தால்? அரிசியை மாவாக அரைத்த பிறகு அரிசியாக்க முடியுமா? முடியாது. ஆனால் கிழிந்த காகிதம் காகிதமே, உடைந்த கண்ணாடி கண்ணாடியே, மாவும் அரிசியே. எல்லாம் இயற்பியல் மாற்றம்தான்.

மறுபக்கம் வாருங்கள். உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பாருங்கள். மின்சாரம் போனதும் அதிலுள்ள காரீயமும் காரீய டை ஆக்சைடும் கந்தக அமிலத்தோடு சேர்ந்து காரீய சல்பேட்டாக மாறுகின்றன. முழு வேதியியல் மாற்றம். மின்சாரம் திரும்பி வந்ததும் அதே பாதையில் பின்னோக்கி நடந்து பழைய பொருள்களாகின்றன. ஒவ்வொரு மின்வெட்டிலும் உங்கள் வீட்டு மூலையில் ஒரு வேதியியல் மாற்றம் போய்த் திரும்பி வருகிறது.

கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டைப் பாருங்கள். மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தால் செக்கச் சிவப்பாகிறது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள், மறுபடி மஞ்சள். நடந்தது வேதியியல்தான். ஆனாலும் திரும்பியது.

சுண்ணாம்பின் கதை இன்னும் நல்ல கதை. கிளிஞ்சலையும் சுண்ணாம்புக் கல்லையும் காளவாயில் சுட்டதைப் பார்த்த தலைமுறை நாம். 100 கிராம் சுத்தமான சுண்ணாம்புக் கல்லைச் சுமார் 900 டிகிரி வெப்பத்தில் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு பறந்துபோய் 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி 18 கிராம் நீரை வாங்கிக்கொண்டு 74 கிராம் நீர்த்த சுண்ணாம்பாகும். அதைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். சுவரில் அது மெல்ல மெல்லக் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொண்டு, நீரை விட்டுவிட்டு, மறுபடியும் அதே 100 கிராம் சுண்ணாம்புக் கல்லாகிறது. கல்லிலிருந்து கிளம்பிக் கல்லுக்கே வந்து சேர்ந்துவிட்டது. வழியில் நடந்த மூன்றும் வேதியியல் மாற்றங்கள். இதைத் தாத்தா பாட்டி காலத்திலிருந்து பார்த்துக்கொண்டே, வகுப்பில் "வேதியியல் மாற்றம் மீளாது" என்று எழுதிப் போட்டேனே, அதை என்னவென்று சொல்வது?

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. நவீன வேதியியலின் தந்தை என்று நாம் சொல்லும் லவாய்சியர், பாதரசத்தை அடைபட்ட காற்றில் 12 நாள் சூடாக்கினார். மேலே சிவப்புத் தூள் படிந்தது. உள்ளிருந்த காற்றின் அளவு குறைந்தது. அந்தச் சிவப்புத் தூளைத் தனியே எடுத்து இன்னும் கடுமையாகச் சூடாக்கினார். பாதரசம் திரும்ப வந்தது. கூடவே ஒரு வாயுவும் வந்தது. அதுதான் ஆக்ஸிஜன். 1789-ல் வெளிவந்த தமது நூலில் இதை விவரித்திருக்கிறார். எரிதல் என்றால் என்ன என்று உலகத்துக்குப் புரியவைத்த சோதனையே ஒரு மீளும் வேதியியல் மாற்றம்தான். லவாய்சியர் என் வகுப்பில் உட்கார்ந்து அதை எழுதியிருந்தால் அவருக்கும் முட்டைதான் போட்டிருப்பேன்.

சரி, மற்ற அடையாளங்கள்? நிறம் மாறும், வாயு வரும், வெப்பம் உண்டாகும் என்று பட்டியல் போட்டோம். கொல்லன் உலையில் இரும்பு கறுப்பிலிருந்து சிவப்பாகித் தகதகக்கிறது. ஆறினால் அதே இரும்பு. கோலி சோடாவை உடைத்தால் புஸ்ஸென்று வாயு வருகிறது. கரைந்திருந்த வாயு வெளியே வருகிறது, அவ்வளவே. நவச்சாரத்தைத் தண்ணீரில் கரைத்தால் பாத்திரம் சில்லென்று ஆகிறது. தண்ணீரைக் காயவைத்தால் நவச்சாரம் மிஞ்சும். இந்த அடையாளங்கள் "இங்கே ஏதோ நடக்கலாம், கவனி" என்று தட்டிச் சொல்லும் மணிகள். மணிச் சத்தத்தையே பாடம் என்று நான் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் உண்மையான வேறுபாடு எது? என் அட்டவணையின் முதல் வரியிலேயே இருந்தது. "புதிய பொருள் உண்டாகும், உண்டாகாது." அந்த ஒரு வரி போதும். மற்றதெல்லாம் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஐந்து வரி வேண்டுமே என்று சேர்த்த சரக்கு. முதல் வரிக்கு என்ன பொருள் என்று நான் நின்று நிதானமாகச் சொன்னதே இல்லை. இன்று சொல்கிறேன்.

நம் ஊர் உப்பளத்திலிருந்தே தொடங்குவோம். உங்களில் பலருடைய அப்பா அம்மா அங்கே வேலை பார்த்தவர்கள். கடல் நீரைப் பாத்தியில் தேக்குகிறோம். வெயில் தண்ணீரை வாங்கிக்கொண்டு போகிறது. உப்பு படிகிறது. கடலில் கரைந்திருந்த அதே உப்புதான். மாறியது இடமும் நிலையும். தண்ணீர் ஆவியானாலும் தண்ணீர்தான். இது இயற்பியல் மாற்றம்.

இனி அந்த உப்பையே இன்னொரு பக்கமாகப் பாருங்கள். சோடியம் என்பது ஓர் உலோகம். கத்தியால் வெட்டலாம், தண்ணீரில் போட்டால் சீறித் தீப்பற்றும். குளோரின் என்பது பச்சை கலந்த மஞ்சள் நிற நச்சு வாயு. இந்த இரண்டும் சேர்ந்தால் வருவதுதான் நாம் சோற்றில் போடும் உப்பு. 100 கிராம் உப்பில் சுமார் 60 கிராம் குளோரின். நெருப்பும் இல்லை, நஞ்சும் இல்லை. அணுக்கள் அவையேதான், ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கும் விதம் மாறிவிட்டது. அதனால் பழைய குணங்கள் போய், முன்பின் இல்லாத குணங்கள் வந்துவிட்டன. புதிய பொருள் என்றால் இதுதான்.

மாறியது இடமும் உருவமும் நிலையும் என்றால் இயற்பியல். அணுக்களின் உறவே மாறி வேறு பொருள் வந்துவிட்டது என்றால் வேதியியல். திரும்பி வருகிறதா என்பது வேறு கேள்வி. கல்யாணமாகிப் போன பெண் அம்மா வீட்டுக்குத் திரும்பி வந்தாள் என்பதால் கல்யாணமே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொருளிடமே கேட்க வேண்டும். இரும்புத் தூள் 7 கிராம், கந்தகம் 4 கிராம் எடுத்துக் கலக்குங்கள். காந்தத்தைக் காட்டினால் இரும்பு மட்டும் தனியே வந்து ஒட்டும். வெறும் கலவை. அதையே சூடாக்கினால் செந்தழலாகக் கனன்று ஒரு கறுப்புக் கட்டியாகிறது. இனி காந்தத்தால் இரும்பைப் பிரித்தெடுக்க முடியாது. இரும்பும் இல்லை, கந்தகமும் இல்லை, இரும்பு சல்பைடு இருக்கிறது. அல்லது தராசிடம் கேட்கலாம். 10 கிராம் மயில்துத்தத்தைச் சரியாகச் சூடாக்கினால் மிஞ்சும் வெள்ளைத் தூள் சுமார் 6.4 கிராம்தான். படிகத்தில் பிணைந்திருந்த நீர் பிரிந்து போய்விட்டது. தண்ணீர் விட்டால் மறுபடி சேர்கிறது. பிணைப்பு உண்டாவதும் பிரிவதும் வேதியியல். ஆகவே அது வேதியியல் மாற்றம், அதுவும் மீளும் வேதியியல் மாற்றம். அந்தப் பையனுக்கு அன்றைக்கு இந்த மூன்று வரியைச் சொல்லி, "போய்த் தராசை எடுத்துட்டு வாடா" என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

கல்லூரியில் வேதியியல் படித்த என் மாணவர்கள் சிலர் இப்போதே பதில் எழுதக் கை பரபரத்துக்கொண்டிருப்பார்கள். உப்பு கரையும்போது அயனிகள் பிரிகின்றனவே சார், அது எந்தப் பக்கம்? முட்டை வேகும்போது புரதச் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கிறதே, அது எந்தப் பக்கம்? நல்ல கேள்விகள். இயற்கை நம் நோட்டைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு நடப்பதில்லை. நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது, அதன்மேல் நிற்கும் மாற்றங்களும் இருக்கின்றன. அதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம். வரப்பு இருப்பதால் இரண்டு வயலும் ஒன்று என்றாகிவிடாது.

இனி குளியலறைக்குத் திரும்புவோம். பிளீச்சிங் பவுடரில் குளோரின் மற்ற அணுக்களோடு பிணைந்து அடங்கிக் கிடக்கிறது. கழிப்பறை ஆசிட்டில் பெரும்பாலும் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சந்தித்தால் குளோரின் வாயு விடுபட்டு வெளியே வருகிறது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜெர்மன் ராணுவம் எதிரிகள்மேல் திறந்துவிட்டது இந்த வாயுவைத்தான். காற்றைப்போல இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையோடு தங்கும். கீழே உட்கார்ந்து தேய்ப்பவரின் முகத்துக்கு நேராக நிற்கும்.

"கலக்கறதுதானே" என்றாள் என் தங்கை மகள். என் அட்டவணையில் கலப்பது இடப்பக்கம் இருந்தது. வலப்பக்கத்தில் இருந்தவை எரிவதும் துருப்பிடிப்பதும். நெருப்பு இல்லை, சூடாக்கவில்லை, அதனால் ஒன்றும் நடக்காது என்றுதான் யாரும் நினைப்பார்கள். "இந்த இரண்டும் சேர்ந்தால் வேறு ஏதாவது பொருள் வருமா?" என்று கேட்கும் பழக்கத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஐந்து மதிப்பெண் கொடுத்தேன்.

உறவுகளே, இதை மட்டும் இன்றைக்கே செய்யுங்கள். சுத்தம் செய்யும் எந்த இரண்டு பொருளையும் சேர்க்காதீர்கள். ஒன்றைப் பயன்படுத்தினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி முடித்த பிறகே வேறு வேலை. சன்னல் திறந்திருக்கட்டும். நெடி அடித்தால் அப்படியே போட்டுவிட்டு வெளியே காற்றோட்டமான இடத்துக்கு வந்துவிடுங்கள். மூச்சுத் திணறினால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரே கேள்வி வேறு இடங்களிலும் உதவும். பலகாரம் சுட்ட எண்ணெயை வடிகட்டிப் புட்டியில் ஊற்றி வைத்துக்கொண்டு, "தெளிவாத்தானே இருக்கு" என்கிறோம். வடிகட்டி பிடிப்பது கருகிய துகள்களை மட்டும்தான். திரும்பத் திரும்பச் சூடாக்கும்போது எண்ணெய் காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து வேறு சேர்மங்களாக மாறிக்கொண்டே போகிறது. அந்தச் சேர்மங்களில் ஒருவகை 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பார்வைக்குத் தெளிவு, பொருளோ வேறு.

பிளாஸ்டிக் பை இதற்கு நேர்மாறு. வெயிலில் கிடந்து நொறுங்கித் தூளானதும், "மக்கிப் போச்சு" என்கிறோம். வாழையிலை மக்கும்போது நுண்ணுயிர்கள் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் உரமாகவும் மாற்றிவிடுகின்றன. இலை என்ற பொருளே அங்கு இருப்பதில்லை. வெயில் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அங்கங்கே அறுத்து உடையவைக்கிறது. ஆனால் நொறுங்கிய துகள் ஒவ்வொன்றும் இன்னும் பிளாஸ்டிக்தான். கண்ணுக்குத் தெரியாமல் போனது வேறு, இல்லாமல் போனது வேறு. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் பைக்குத் தடை இருந்தும் நாம் இதை இன்னும் மனதில் வாங்கவில்லை.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்கள் சிலர் சொல்லலாம்: "சார், சின்னப் பிள்ளைகளுக்கு எளிமையாத்தானே சொல்லணும். மீளும், மீளாதுன்னா சட்டுன்னு பிடிச்சுக்கறாங்க." நானும் அப்படித்தான் நினைத்தேன். திருத்துவதற்கும் சுலபம், ஒப்புக்கொள்கிறேன். அறுபது விடைத்தாளை ஒரே இரவில் முடித்துவிடலாம். ஆனால் பிள்ளை சட்டென்று பிடித்துக்கொள்ளும் தவறு சட்டென்று விட்டும் போகாது. "இப்ப அங்க இருக்கறது என்ன பொருள்? முன்னாடி இருந்த அதேதானா? உனக்கு எப்படித் தெரியும்?" இந்த மூன்று கேள்விகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த விதத்தில் கடினம்?

என் பேத்தியிடம் சோதித்துப் பார்த்தேன். பூஜை அறையிலிருந்து கற்பூர டப்பாவை எடுத்து வரச் சொன்னேன். "டப்பாவுல வச்ச கற்பூரம் நாளாக நாளாகக் கரைஞ்சு போகுதே, அது எங்கே போச்சு?" யோசித்தாள். டப்பாவை முகர்ந்து பார்த்தாள். "காத்துல இருக்கு தாத்தா, வாசனை வருதே. அதே கற்பூரம்தான்." பிறகு ஒரு வில்லையைக் கொளுத்தினோம். தட்டில் மிஞ்சிய கரியைத் தொட்டுப் பார்த்தாள். "இது வேற தாத்தா. கறுப்பா ஒட்டுது. இதுல கற்பூர வாசனை இல்ல." ஒரே கற்பூரம், இரண்டு மாற்றம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு அவளே கேட்டாள், "அப்போ மிஸ் குடுத்த நோட்ஸ்ல மீளும் மீளாதுன்னு இருக்கே, பரீட்சையில என்ன எழுத?"

என்ன சொல்வேன்? "முதல் வரியை எழுதும்மா. மிஸ் கேட்டா, தாத்தா பேசுறேன்னு சொல்லு" என்றேன். ஆசிரியராக இருக்கும் என் பிள்ளைகளே, உங்களிடம் கேட்பதும் இதுதான். இப்படிக் கேட்டுக்கொண்டு ஒரு பிள்ளை உங்கள் மேசைக்கு வந்து நின்றால் அதை விரட்டாதீர்கள். பதில் தெரியவில்லை என்றால், "நாளைக்குச் சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். மதிப்பு குறையாது. நான் அன்று அதைச் சொல்லாததால்தான் இன்று இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

அந்தப் பையன் இன்று எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியாது. பெயரை இங்கே எழுதவில்லை. 1996-ல் நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு யாரென்று தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் இதை அவனிடம் சேர்த்துவிடுங்கள்.

தம்பி, நீ பார்த்தது சரி. நீ கேட்டது அந்த வருடம் முழுக்க என் வகுப்பில் எழுந்த மிகச் சிறந்த கேள்வி. இரண்டுக்கு இரண்டு. முப்பது வருடத் தாமதத்துக்கு இந்த வாத்தியாரை மன்னித்துவிடு. நேரம் கிடைத்தால் ஒருமுறை வீட்டுக்கு வா. மயில்துத்தமும் தராசும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்